கலிஃபோர்னியா கவுன்ட்டி அலுவலகம்: எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

வேங்கைமரம்:

வீட்டு வரி, குழந்தையின் பிறப்புச் சான்று, நடமாட முடியாத அம்மா அப்பாவுக்குப் பராமரிப்பு உதவி, வீட்டில் செய்த பலகாரத்தை விற்க அனுமதி, கராஜில் தேங்கிய பழைய பெயின்ட். குழுவில் இவை தனித்தனிக் கேள்விகளாக வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போக வேண்டிய இடம் கவுன்ட்டிதான், அதாவது நம்ம ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. நம்மில் பலர் முதலில் நகர மன்றத்துக்குப் போகிறோம், இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவரிடம் போகிறோம். விவரம் தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பிரிவைப் பற்றி இங்கே எழுதுங்கள். ஒரே இடத்தில் கிடக்கட்டும்.

அடிப்படையை நான் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் 58 கவுன்ட்டிகள். பெரும்பாலானவற்றை ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட குழு நடத்துகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டில் வருகிறவர்கள். சொத்தை மதிப்பிடும் அசெஸர், காவல் பணியை நடத்தும் ஷெரிஃப் ஆகியோரும் ஓட்டில் வருகிறவர்களே. நம்ம ஊர் மாவட்ட ஆட்சியர் போல எல்லாத் துறைக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. மேலிடத்தில் மனு கொடுத்து முடித்துக்கொள்கிற வழி இங்கே கிடையாது. உரிய பிரிவுக்கு உரிய தாளோடு, கெடுவுக்குள் போனால் வேலை நடக்கும்.

நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கட்டட அனுமதி, தெருவிளக்கு போன்றவை நகரத்தின் பொறுப்பு. எல்லைக்கு வெளியே இருந்தால் அதுவும் கவுன்ட்டியிடம்தான். காஸ்ட்ரோ வேலி இன்றும் அப்படித்தான் இருக்கிறது. மவுன்டன் ஹவுஸ் 2024 ஜூலை 1-இல்தான் தனி நகரமானது. குபர்டினோவும் சாரடோகாவும் தனி நகரங்கள் என்றாலும், காவல் பணியைச் சான்டா கிளாரா கவுன்ட்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தத்தில் விட்டிருக்கின்றன. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவாரம்பூ:

பிறப்புச் சான்றிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் சிக்குவது அதில்தான்.

குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்து விவரம் கேட்பார்கள். சான்றிதழ் அதை வைத்துத்தான் பதிவாகிறது. பிரசவக் களைப்பில் அவசரமாக நிரப்பிக் கொடுக்காதீர்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, குழந்தையின் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயர் போகிறதா, இனிஷியலா, வேறு எதுவுமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டாவது, பெற்றோர் பெயருக்குக் கலிஃபோர்னியா கேட்பது அவர்கள் பிறந்தபோது இருந்த பெயரை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாது. இது தவறல்ல, ஆனால் பின்னால் கேள்வி வரும். திருமணச் சான்றைக் கூடவே வைத்திருங்கள். மூன்றாவது, எழுத்துப்பிழை.

பிழை விழுந்துவிட்டால் விஎஸ் 24 என்ற திருத்தப் பிரமாணப் படிவத்தை மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்ப வேண்டும். விவரம் அறிந்த இருவர் கையெழுத்திட வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டாலும் பழைய பக்கம் மறையாது. திருத்தம் இரண்டாவது பக்கமாகச் சேரும், இனிமேல் சான்றிதழ் இரண்டு பக்கமாகவே வரும். இரண்டையும் பிரிக்காதீர்கள்.

நகல் வாங்கும்போது 'அங்கீகரிக்கப்பட்ட' நகல் வேண்டும் என்று கேளுங்கள். 'தகவலுக்கான' நகலில் அடையாளச் சான்றாகச் செல்லாது என்று அச்சடித்தே இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு அது உதவாது. தபாலில் விண்ணப்பித்தால் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட உறுதிமொழி சேர வேண்டும். நேரில் போனால் நோட்டரி வேண்டாம், அடையாள அட்டை போதும்.

செங்கல்சூளை:

@ஆவாரம்பூ, இந்தியாவில் காட்டுவதற்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி கையெழுத்தை உறுதிப்படுத்தும் சான்று) வேண்டுமென்றால்? மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு நேராக அனுப்பிவிடலாமா? சிலருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு.

ஆவாரம்பூ:

சான்றிதழின் அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. பதிவுகளை வைத்திருக்கும் கவுன்ட்டி கிளார்க் ரெக்கார்டர் கையெழுத்து இருந்தால் நேராக சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். சுகாதார அதிகாரியின் கையெழுத்து இருந்தால், அதே கவுன்ட்டியின் கிளார்க் அலுவலகத்தில் அந்தக் கையெழுத்துக்கு முதலில் சான்று வாங்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிடுவதால்தான் திரும்பி வருகிறது. பல கவுன்ட்டிகளில் சமீபத்திய பிறப்புகளின் நகலைச் சுகாதாரத் துறை தருகிறது, பழையவற்றை ரெக்கார்டர் தருகிறார். அதனால் கைக்குழந்தையின் சான்றுக்குத்தான் இந்தச் சிக்கல் கூடுதல்.

தபாலில் ஒரு அப்போஸ்டிலுக்கு 20 டாலர். நேரில் போனால் ஒவ்வொரு அதிகாரியின் கையெழுத்துக்கும் 6 டாலர் கூடுதல். எந்த நாட்டுக்கு என்று முகப்புத் தாளில் எழுத வேண்டும். அப்போஸ்டிலைச் சான்றோடு சேர்த்திருக்கும் ஸ்டேபிளைக் கழற்றி ஜெராக்ஸ் எடுத்து மறுபடி பின் போட்டால் செல்லாது என்று மறுக்க வாய்ப்பு உண்டு. அப்படியே கண்ணாடியில் மடக்கி வைத்து நகலெடுங்கள்.

திருமணப் பதிவையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வாங்க இருவரும் கிளார்க் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 90 நாள் செல்லும். கோயிலில் தாலி கட்டி முடித்ததும் நடத்திவைத்தவரும் சாட்சியும் கையெழுத்திட்டு, பத்து நாளுக்குள் ரெக்கார்டருக்கு அனுப்ப வேண்டும். குருக்கள் ஊருக்குப் போய்விட்டார், தாள் அவர் பையிலேயே இருக்கிறது என்பதெல்லாம் நடக்கிறது. மண்டபத்தைவிட்டுக் கிளம்பும் முன் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள். பதிவானதும் சான்று தானாக வீட்டுக்கு வராது. பணம் கட்டி நகல் கேட்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்வதானால் லைசென்ஸிலேயே எழுத வேண்டும். 'அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று விட்டால் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

கல்தச்சன்:

வீட்டு வரி.

1978-இல் மக்கள் ஓட்டில் வந்த 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டம்தான் அடித்தளம். வாங்கிய விலை அடிப்படை மதிப்பு. அடிப்படை வரி அதில் 1 சதவீதம், அதன்மேல் உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கானது. மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முதல் தவணை நவம்பர் 1-இல் தொடங்கி டிசம்பர் 10-க்குள், இரண்டாவது பிப்ரவரி 1-இல் தொடங்கி ஏப்ரல் 10-க்குள். தாண்டினால் 10 சதவீதம் அபராதம். 'பில் தபாலில் வரவில்லை' என்பது காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது. மனையின் அடையாள எண்ணான பார்சல் எண்ணை வைத்து வரி வசூல் அலுவலகத் தளத்தில் பார்த்துக் கட்டுவது நம் பொறுப்பு.

புதிதாக வாங்கியவர்கள் தவறவிடுவது துணை வரிப் பில். பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, வாங்கியதற்குப் பிந்தைய காலத்துக்குக் கணக்கிட்டுத் தனியாக வரும். வழக்கமான வரியை வங்கி எஸ்க்ரோவிலிருந்து (வரிக்காக உங்களிடம் வாங்கி ஒதுக்கி வைக்கும் கணக்கிலிருந்து) கட்டினாலும் இந்தப் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும். வங்கி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் அபராதம் ஏறும். நீண்டகாலம் ஒருவரே வைத்திருந்த வீட்டை வாங்கினால் தொகை பெரியது. வாங்கும்போதே ஒதுக்கி வையுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 7,000 டாலர் விலக்கு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 டாலர் மிச்சம். முழுப் பலனுக்கு பிப்ரவரி 15-க்குள் அசெஸருக்குப் படிவம் போக வேண்டும். ஒருமுறை போட்டால் அந்த வீட்டில் குடியிருக்கும்வரை தொடரும். இதற்குக் கட்டணமே கிடையாது. அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்து, பணம் அனுப்பினால் பதிவு செய்கிறோம் என்று வருபவை தனியார் கடிதங்கள். கிழித்துப் போடுங்கள்.

சந்தை விலை உங்கள் மதிப்பீட்டுக்குக் கீழே போய்விட்டால், மதிப்பைக் குறைத்துப் பார்க்கும்படி அசெஸரிடம் இலவசமாகக் கேட்கலாம். கணக்கில் எடுக்கும் நாள் ஜனவரி 1. அந்த நாளை ஒட்டி உங்கள் பக்கத்தில் விற்ற இரண்டு மூன்று ஒத்த வீடுகளின் விலையைச் சேர்த்துக் கொடுங்கள். இணையதளம் காட்டும் ஊக மதிப்பை ஆதாரமாக வைத்தால் எடுபடாது. மறுத்தால் முறையீட்டுக் குழு இருக்கிறது. சான்டா கிளாராவிலும் அலமேடாவிலும் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை. லாஸ் ஏஞ்சலஸில் நவம்பர் 30 வரை. அசெஸரின் பதிலுக்குக் காத்திருந்து முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிடாதீர்கள்; இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

நெய்தல்நிலம்:

வயதானவர்களுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டம் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இது நம் குடும்பங்கள் கேட்கத் தயங்கும் உதவி. தயங்க வேண்டியதில்லை.

பெயர் ஐஎச்எஸ்எஸ். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சமைப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது போன்றவற்றுக்குக் கவுன்ட்டி மணிக்கணக்கு ஒதுக்குகிறது. அந்த வேலையைச் செய்பவருக்குச் சம்பளம் வருகிறது. செய்பவர் மகளாக, மகனாக, மருமகளாக இருக்கலாம். மெடிகால் (குறைந்த வருமானத்தினருக்கான மாநில மருத்துவக் காப்பீடு) இருந்தால்தான் இது கிடைக்கும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கிடையாது. 2026 ஜனவரியிலிருந்து முதியோருக்கான மெடிகாலில் சொத்து வரம்பு திரும்ப வந்திருக்கிறது. ஒருவருக்கு 130,000 டாலர், குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. ஊரில் உள்ள நிலமும் வங்கி வைப்பும் கேட்கப்படும், மறைக்காமல் எழுதுங்கள்.

விண்ணப்பித்ததும் எஸ்ஓசி 873 என்ற மருத்துவச் சான்றுப் படிவம் வரும். டாக்டர் நிரப்பி 45 நாளுக்குள் கவுன்ட்டிக்குச் சேர வேண்டும். கிளினிக்கில் கொடுத்துவிட்டு அவர்கள் அனுப்பிவிடுவார்கள் என்று சும்மா இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பத்து நாளுக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போன் போடுங்கள், ஃபேக்ஸ் போன ரசீதை வாங்கி வையுங்கள்.

அடுத்தது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவது. கோட்டை விடுவது இங்கேதான். வந்தவர் "நீங்களே குளிக்கிறீர்களா?" என்று கேட்பார். நம் பெரியவர்கள் மானம் விடாமல் "எல்லாம் நானே செய்துக்குவேன்" என்பார்கள். பணியாளர் சொன்னதை எழுதிக்கொண்டு போவார், மணி குறையும். பணியாளர் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டு, அதற்கேற்ப நேரம் ஒதுக்குவதுதான் அவர் வேலை. கேட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் போட முடியும். ஒரு வாரம் முன்பிருந்து நாட்குறிப்பு எழுதுங்கள். குளிக்க எத்தனை நிமிடம், எங்கே கை பிடிக்க வேண்டியிருக்கிறது, இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, எப்போது விழுந்தார். நல்ல நாளை மட்டும் சொல்லாமல் மோசமான நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயர்ந்தபட்சம் மாதம் 283 மணி.

மழைக்குருவி:

@நெய்தல்நிலம், மொழிபெயர்ப்பாளர் பற்றியும் எழுதுங்கள் அக்கா. பேரனை வைத்துச் சமாளிக்கிறார்கள் பல வீட்டில்.

நெய்தல்நிலம்:

நல்ல கேள்வி தம்பி. கவுன்ட்டி இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், அது சலுகை அல்ல, கடமை. பெரும்பாலும் போனில் ஒருவரை இணைப்பார்கள். சந்திப்பு நேரம் குறிக்கும்போதே 'தமிழ்' என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தியர் என்று பார்த்து இந்தி பேசுபவரை இணைத்துவிடுவார்கள். சிறுவர்களை வைக்காதீர்கள். பாட்டி தன் உடம்பைப் பற்றிப் பேரனிடம் சொல்லமாட்டார், பேரனும் கேட்கமாட்டான்.

மணி முடிவானதும் அறிவிப்புக் கடிதம் வரும். குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மணியைக் குறைத்தால், குறைப்பு அமலாகும் தேதிக்கு முன்பே கேளுங்கள்; முடிவு வரும்வரை பழைய மணி தொடரும். கடிதத்தின் உறையைத் தூக்கிப்போடாதீர்கள், அஞ்சல் தேதி அதில்தான் இருக்கும்.

சம்பளம் வாங்குபவர் கைரேகை கொடுத்து, அறிமுக வகுப்பு முடித்துப் பதிவு செய்ய வேண்டும். வேலை செய்ய அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும். பராமரிக்கப்படுபவரோடு ஒரே வீட்டில் இருந்தால் எஸ்ஓசி 2298 படிவம் போடுங்கள். அந்தச் சம்பளத்துக்குக் கூட்டாட்சி வருமான வரி விலக்கு உண்டு. பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளுக்கு மணி எழுதக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

கதிர்க்கட்டு:

பலர் கவனிக்காத ஒரு துறை விவசாய ஆணையர் அலுவலகம். நம் வீட்டுக் கொல்லையோடு நேரடித் தொடர்பு, காரணம் கறிவேப்பிலை.

ஏசியன் சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னப் பூச்சி 2008-இல் கலிஃபோர்னியாவில் முதலில் சிக்கியது. ஆரஞ்சு, எலுமிச்சையைக் கொல்லும் ஹுவாங்லாங்பிங் நோயைப் பரப்புவது இதுதான். நோய் தாக்கிய மரம் முதலில் 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி ஹசியெண்டா ஹைட்ஸில் ஒரு வீட்டுக் கொல்லையில் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது, மரத்தை வெட்ட வேண்டியதுதான். கறிவேப்பிலை இந்தப் பூச்சிக்கு மிகப் பிடித்த செடி. கொழுந்தில் முட்டையிட்டு அங்கேயே வளரும்.

அதனால்தான் பூச்சி பரவாமல் தடுக்க அறிவித்த தனிமைப்படுத்தல் பகுதியிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகக் கூடாது. மகள் வீட்டுக்குத் தொட்டியில் ஒரு கன்று என்று நல்ல மனசோடு காரில் ஏற்றுவது விதிமீறல். நோய் பரவும் வழியும் அதுதான். ஊரிலிருந்து பெட்டியில் இலை கொண்டுவருவதும் கூடாது. உரிமம் பெற்ற நர்சரியில் வாங்குங்கள், ரசீதையும் லேபிளையும் வையுங்கள்.

மாதம் ஒருமுறை கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறப் பூச்சி தலையைத் தாழ்த்தி, பின்பாகத்தை 45 பாகையில் தூக்கி உட்கார்ந்திருக்கும். குஞ்சுகளிடமிருந்து வெள்ளை நூல் போன்ற மெழுகு சுருண்டு தொங்கும். பார்த்தால் பிடுங்கி எறியாமல் அப்படியே விட்டு 800-491-1899 என்ற மாநிலப் பூச்சி எண்ணையோ கவுன்ட்டி அலுவலகத்தையோ கூப்பிடுங்கள்.

மரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டக் கேட்டு ஊழியர் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். உங்களுக்குச் செலவில்லை. மருந்து போட வேண்டும் என்று அறிவிப்பு வந்தால், 'இந்த இலையை நாங்கள் தினமும் சாப்பிடுகிறோம்' என்று முதலிலேயே சொல்லுங்கள். வேரில் ஊற்றும் மருந்து இலைக்கு ஏறும். இங்கே பலருக்குக் கறிவேப்பிலை அலங்காரச் செடி. நாம் சொன்னால்தான் தெரியும்.

பழ ஈயும் இதே கதை. 2024 தொடக்கத்தில் ரெட்லண்ட்ஸில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மரத்திலிருந்த பழங்களை முழுக்கப் பறித்து அகற்றினார்கள். உங்கள் பகுதியில் தடை இருந்தால் பழத்தை வீட்டிலேயே சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். அழுகியதை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சாதாரணக் குப்பையில் போடுங்கள், தோட்டக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் அல்ல.

செங்கல்சூளை:

இதே அலுவலகம்தான் தராசும் பார்க்கிறது, இல்லையா?

கதிர்க்கட்டு:

ஆமாம், பெரும்பாலான கவுன்ட்டிகளில் எடை அளவைப் பிரிவும் அதோடுதான். மளிகைக் கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, பெட்ரோல் பம்ப் எல்லாவற்றிலும் அவர்கள் முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். டப்பாவின் எடையைக் கழிக்காமல் இனிப்பு நிறுப்பது சட்டப்படி தவறு. அலமாரியில் ஒரு விலை, பில்லில் கூடுதல் விலை என்றாலும் புகார் செய்யலாம். குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும். பில்லும் அலமாரி விலைச்சீட்டின் படமும் போதும்.

அடுப்பங்கரை:

தீபாவளிக்குப் பலகாரம் விற்கிறவர்களுக்கு. 2013 முதல் வீட்டுச் சமையலறையில் செய்த சில பண்டங்களை விற்கக் காட்டேஜ் ஃபுட் சட்டம் இடம் தருகிறது. கவுன்ட்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் பதிய வேண்டும். ஏ வகை, வாங்குபவருக்கு நேரடியாக விற்க மட்டும். சரிபார்ப்புத் தாளை நீங்களே நிரப்பிப் பதியலாம். பி வகை, கடைகளுக்கும் போடலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். பதிந்த மூன்று மாதத்துக்குள் உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும்.

எதை விற்கலாம் என்பதற்கு மாநிலப் பட்டியல் உண்டு. கெட்டுப்போகாத உலர்பண்டங்கள், மசாலாப் பொடிகள், பிஸ்கட் வகை சரி. இட்லி மாவு, தேங்காய்ச் சட்னி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய பால் இனிப்பு கூடாது. ஊறுகாயும் கூடாது. முறுக்கு, சீடை போன்ற எண்ணெய்ப் பலகாரம் பட்டியலின் எந்தத் தலைப்பில் வரும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது. லேபிளில் 'மேட் இன் எ ஹோம் கிச்சன்' என்று 12 பாயின்ட் எழுத்தில், பொருட்கள், ஒவ்வாமைப் பொருட்கள், நிகர எடை, பதிவு எண், கவுன்ட்டி பெயர் எல்லாம் வேண்டும். முந்திரி, எள், நெய் இருந்தால் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள்.

சுடச்சுடச் சாப்பாடு விற்பது வேறு உரிமம். அது கவுன்ட்டி அனுமதித்தால்தான் உண்டு. நாளுக்கு 30, வாரத்துக்கு 90 சாப்பாடு வரை. சமைத்த அன்றே பரிமாற வேண்டும்.

கல்தச்சன்:

பெயின்ட் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. அபாயக் கழிவு மையத்துக்குக் கவுன்ட்டி தளத்தில் நேரம் குறித்துக்கொண்டு போங்கள், வீடுகளுக்கு இலவசம். ஒருமுறைக்கு 15 கேலன் அல்லது 125 பவுண்டுதான் காரில் கொண்டுபோகலாம், இது மாநிலச் சட்டம். பழைய டப்பாவிலேயே, லேபிளோடு கொண்டுபோங்கள். ஒன்றோடொன்று கலக்காதீர்கள், என்ஜின் ஆயிலில் தண்ணீரோ கரைப்பானோ கலந்தால் மறுசுழற்சி செய்ய முடியாது. லித்தியம் பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள். காரைவிட்டு இறங்க வேண்டாம், டிக்கியைத் திறந்தால் ஊழியர்களே எடுத்துக்கொள்வார்கள்.

மழைக்குருவி:

இன்னொன்று. சான்டா கிளாராவில் அலர்ட் எஸ்சிசி, அலமேடாவில் ஏசி அலர்ட்: காட்டுத்தீ, வெள்ளம், வெளியேறும் உத்தரவுக்கான செய்திச் சேவை. செல்போன் எண்ணை நாமே பதிய வேண்டும். பெற்றோரின் போனையும், வீட்டு முகவரியோடு சேர்த்துப் பதியுங்கள். வேலை இடத்தையும் இரண்டாவது முகவரியாகச் சேர்க்கலாம்.

வேங்கைமரம்:

எல்லோருக்கும் நன்றி. இழையை மேலே பொருத்தி வைக்கிறேன். தேதிகளும் தொகைகளும் மாறும்போது இங்கேயே திருத்தம் எழுதுங்கள். அடுத்து உணவு உதவி பற்றி நெய்தல்நிலம் எழுதினால் நன்றாக இருக்கும்.

நெய்தல்நிலம்:

தனி இழையாக எழுதுகிறேன். அதுவரை அவசரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்: கால்ஃப்ரெஷ் என்ற உணவு உதவிக்கு பெனிஃபிட்ஸ்கால் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் பணமும் வருமானமும் மிகக் குறைவாக இருந்தால் அவசர வகையில் மூன்று நாளுக்குள் தர வேண்டும், மற்றவர்களுக்கு 30 நாள். நேர்காணல் அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும், எடுங்கள். தவறினால் விண்ணப்பம் விழும்முன் நீங்களே கூப்பிட்டு வேறு நேரம் கேளுங்கள்.